தோட்ட வாரியத்துப் பன்னிருவர்

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலைச் சொல்வார்கள். பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தி உண்டு. தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகளில் அதைச் சொல்லும் கல்வெட்டின் படம் வரும். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றிப் பேச்சு எழுந்தபோது ஆந்திர கேசரி டி. பிரகாசம் இந்த ஊரின் பெயரை எடுத்துச் சொன்னார். அந்தப் புகழ் அத்தனையும் தகும். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. குடத்துக்குள் கைவிட்டு எடுத்த ஓலையில் யார் பெயர் இருந்ததோ அவர் என்ன வேலைக்குப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு 12 பேர் தோட்டம் பார்க்கப் போனார்கள். கல் அவர்களைத் தோட்ட வாரியம் என்கிறது. மறைந்துபோன அந்தத் தோட்டக்காரச் சபையாரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கிற ஊர் இது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் இங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தக் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். ஊர்க் கோயில்களில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் ஏறத்தாழ 200 உண்டு. அவற்றில் பேர்பெற்ற இரண்டும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. மதுரை கொண்ட முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல் ஒன்று. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல் மற்றொன்று. கல்வெட்டாய்வாளர் வெங்கையா இவற்றைப் படித்து 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வெளியிட்டார். பிறகு நீலகண்ட சாஸ்திரி விரிவாக ஆராய்ந்து எழுதினார். வரலாறு இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது அந்தக் கல்லின் நயம்.

ஒரு நல்ல செய்யுளைச் சொல் சொல்லாக நின்று படிப்பதுபோல் இதையும் படிக்க வேண்டும். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதுகிறார்கள். அந்தந்தக் குடும்பின் ஓலைகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே இன்ன குடும்பு என்று அடையாளம் சொல்லும் வாயோலை வைத்துக் கட்டுகிறார்கள். 30 கட்டும் ஒரு குடத்துக்குள் போகின்றன. பாலரும் முதியவருமாக ஊர்ச் சபை முழுதும் கூட வேண்டும். அன்றைக்கு ஊரில் இருக்கிற கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் வந்து உட்கார வேண்டும். இதுவரை இருப்பது ஒழுங்கு. இதற்குப் பிறகு வருவது அழகு.

அந்த நம்பிமாரில் வயதில் மூத்தவர் ஒருவர் எழுந்து நிற்கிறார். குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்திருக்கிறார். அவர் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்றும் கல் சொல்கிறது: மேல்நோக்கி இருக்க வேண்டும். குடத்தின் வாய்ப்பக்கம் கண் போய்விடக் கூடாது. ஊரே மதிக்கிற பெரியவர்தான். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் அவர் கண்ணுக்கு ஓர் இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு கிழவரின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதுவரை யோசித்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பிறகு ஒரு சிறுவன் வருகிறான். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத பாலன். பட்டப்பகலில் அவன் ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டைப் பிரித்து இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். மறுபடி அவனே ஓர் ஓலையை எடுத்து, நடுவராக இருக்கிற மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். இந்த ஒரு விவரத்துக்காக அந்தக் கல்லின் முன்னால் நாள் முழுக்க நிற்கலாம். கை மூடியிருந்தால் அதற்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்க இடமுண்டு. விரல் சேர்ந்திருந்தால் இடுக்கில் ஒன்று தங்கலாம். விரித்த கையில் எதுவும் தங்காது. ‘நேர்மையாக நடக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எழுதாமல் ஐந்து விரலை எழுதியிருக்கிறார்கள்.

மத்தியஸ்தன் அந்த ஓலையை வாசிக்கிறான். அதோடு முடியவில்லை. மண்டபத்தில் இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்கிறார்கள். அதன் பிறகே அந்தப் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். இப்படி 30 குடும்புக்கும் 30 பெயர்.

இந்த 30 பேரையும் பிரிக்கிற இடத்தில்தான் தோட்டத்தின் மதிப்பு தெரிகிறது. முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்குப் போகிறார்கள். ஆண்டு முழுதும் ஊர்க் காரியங்களை மேற்பார்க்கிற பெரிய வாரியம் அது. மீதியில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இதைக் கவனிக்க வேண்டும். ஊரை ஆள்வதற்குத் தோட்டம் பார்த்த அனுபவம் ஒரு தகுதி. வேதம் படித்த பெரியவர்கள் நிறைந்த ஊரில், கல்விக்குப் பக்கத்திலேயே தோட்ட அனுபவத்தையும் சரியாசனத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இது எனக்குக் குடவோலையைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது.

அந்த 12 பேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று கல் பட்டியல் போடவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது? இந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஏரித் தண்ணீர் பாயும் தாழ்ந்த நிலம் கழனி, நெல் அங்கே. தண்ணீர் எட்டாத மேட்டுநிலம் கொல்லை. கழனிக்கு மதகைத் திறந்தால் போதும், தண்ணீர் தானே ஓடிப் பாயும். தோட்டம் அப்படியில்லை. கிணற்றிலிருந்து ஏற்றமோ கவலையோ போட்டு இறைத்தால்தான் உயிர் பிழைக்கும். ஒரு வாரம் கவனிக்காவிட்டால் பூச்செடி கருகிவிடும். ஒரு கோடை தவறினால் கன்று போய்விடும். கோயிலுக்குப் பூ தினமும் வேண்டும். நெல்லுக்குப் பருவம் உண்டு, பூவுக்கு விடுமுறை கிடையாது. அதனால்தான் 6 பேருக்கு ஏரியைக் கொடுத்த சபை, தோட்டத்துக்கு 12 பேரைக் கொடுத்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏரியும் சாதாரண ஏரியல்ல. வைரமேக தடாகம் என்று பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே அதற்குப் பெயர். அதைத் தூர்வாரப் பொன் கொடுத்தவர்களின் செய்திகளும் இந்த ஊர்க் கற்களில் உண்டு. தோட்டக் கிணறுகளில் நீர் ஊறுவது ஏரி நிறைந்தால்தான். ஆகவே இரண்டு வாரியமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

பதவி 360 நாள். நாள் நிரம்பியதும் இறங்கிவிட வேண்டும். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். ஒரு முறை வாரியம் செய்தவர் பெயர் அடுத்த 3 ஆண்டுகளுக்குக் குடத்துக்குள் போகாது. 921ஆம் ஆண்டுக் கல்லின்படி வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒருவருக்கு வாழ்நாளில் அதிகம் போனால் 9 முறை வாய்க்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் சிறுவன் கைக்கு அவர் ஓலையே அகப்பட்டால். 919ஆம் ஆண்டுக் கல்லில் வயது 30க்கு மேல், 60க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டில் அதை மாற்றியிருக்கிறார்கள். கல்லில் வெட்டியாயிற்று என்பதற்காகப் பழையதையே பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. புதிய கல் வெட்டினார்கள், பழையதையும் அழிக்காமல் விட்டார்கள்.

கணக்குக் காட்டாதவர் விஷயத்தில் கல் கடுமையாகிவிடுகிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவனுடைய சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரி மகன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறை நீண்டுகொண்டே போகிறது. யாருடைய ஓலையும் உள்ளே போகாது. ‘உறவினர்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் மைத்துனன் உறவா இல்லையா என்று மண்டபத்திலேயே வழக்கு வந்திருக்கும். ஒரு கிராமத்துக்குள் வாழ்ந்து பார்த்தவர்கள்தான் இந்தப் பட்டியலை எழுத முடியும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிய கல்லில் தோட்ட வாரியத்தார் ஒருவர் பெயர்கூட இல்லை. அரசன் பெயர் உண்டு. அரசன் ஆணையோடு வந்து சபையில் அமர்ந்த அதிகாரியின் பெயர் உண்டு. சபையார் பணிக்க எழுதிய மத்தியஸ்தன், காடாடிப்போத்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன், தன் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறான். அவனுக்கு அது தகும், நல்ல உரைநடைக்காரன். நம் நாட்டில் நினைவு வைப்பதற்கு வழிகள் பல இருந்தன. செங்கம் பக்கம் போனால் ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு நடுகல் இருக்கிறது, அவன் பெயரோடு. சோழ நாட்டுக் கோயில்களில் 90 ஆடு, 96 ஆடு கொடுத்து நந்தா விளக்கு ஏற்றியவர் பெயர் கல்லில் இருக்கிறது. கோடையில் செடியைக் காப்பாற்றியவனுக்குக் கல் நடும் வழக்கம் வரவில்லை. ஆண்டுக்கு 12 பேர் என்றால் நூறாண்டுக்கு 1,200 இடம். அத்தனை பெயரும் ஓலையில் இருந்தன. ஓலை மண்ணோடு போயிற்று.

ஆனால் ஒன்று நடந்தது. ஒவ்வொருவர் பெயரையும் மத்தியஸ்தன் ஊர் கேட்க வாசித்தான். நம்பிமார் ஒவ்வொருவரும் வாங்கி வாசித்தார்கள். ஒரு தோட்டக்கார உறுப்பினருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சீமையில் 1908இல் சட்டம் போட்டு, மக்கள் தோட்டம் போட ஊருக்கு ஊர் துண்டு நிலம் ஒதுக்கினார்கள்; ஜெர்மனியில் லைப்சிக் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதேபோலத் தொடங்கிய ஷ்ரெபர் தோட்டங்கள் இன்னும் பச்சையாக இருக்கின்றன. அங்கெல்லாம் தோட்டச் சங்கத்தில் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக மரம் நடுவார்கள், ஒரு பெஞ்சு போடுவார்கள். நல்ல வழக்கம். உத்திரமேரூரார், ஆள் உயிரோடு இருக்கும்போதே பெயர் சொல்லிவிட்டார்கள்.

நயம் பாராட்டுகிறவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடத்துக்குள் பெயர் போக, இறை கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் கல்வி இன்னும் கூடுதலாக வேண்டும். பெண் பெயர் ஓலையில் இல்லை. ஏற்றத்தில் ஏறி மிதித்தவன் பெயரும் இல்லை. பூப்பறித்த கை யாருடையதென்று எழுத எந்த வாரியமும் முனையவில்லை. அந்த 12 பேரும் மேற்பார்வை செய்தவர்கள். மண்ணில் குனிந்தவர்கள் வேறு. என் வணக்கத்தில் பாதி பெயர் வாசிக்கப்பட்டவர்களுக்கு. மறுபாதி பெயரே எழுதப்படாதவர்களுக்கு, அதுதான் கனமான பாதி.

உத்திரமேரூர் போகிறவர்கள் சுந்தரவரதப் பெருமாள் கோயில் விமானத்தைப் பாருங்கள், பார்க்க வேண்டியதுதான். பிறகு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். குடவோலை என்ற சொல்லைக் காட்ட ஆள் இருப்பார்கள். நீங்கள் தோட்ட வாரியம் எங்கே என்று கேளுங்கள். எழுத்துத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அந்த வரியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்களையும் அதைத் திரும்பச் சொல்ல வையுங்கள்.