அமலான ராஜினாமாக்கள்: ‘சமுதாய வளர்ச்சி’ என்னும் சொல்லாடல் குறித்து

‘திட்டம் நல்ல திட்டந்தாங்க, அமல்படுத்துறவன் சரியில்லை.’ டீக்கடையிலிருந்து திட்டக் குழு வரை, இடதிலிருந்து வலது வரை, இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நம்மிடையே கருத்து வேறுபாடே கிடையாது. நம் தோழர்கள் எழுப்பும் ‘உடனே அமல்படுத்து’ முழக்கமும் இதன் உரத்த வடிவம்தான். இதற்குள் ஒரு படம் ஒளிந்திருக்கிறது. மேலே, தலைநகரில், மாசுமறுவற்ற கொள்கை. கீழே, அதை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கிராமம். நடுவில், காசு வாங்குகிற அல்லது தூங்குகிற பி.டி.ஓ. அந்த நடு ஆளை மாற்றிவிட்டால் தண்ணீர் தானாக வாய்க்காலில் வந்துவிடும். இந்தப் படத்தை நான் சந்தேகிக்கிறேன். கொள்கை எதைச் சொல்லாமல் விட்டதோ அதைக் கிராமம் தன் சொந்தக் கையெழுத்தில் எழுதி நிரப்புகிற இடத்துக்குத்தான் அமல் என்று பெயர்.

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2 அன்று 55 இடங்களில் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கிராமங்கள், 2 லட்சம் மக்கள். இதற்கு முன்மாதிரி 1948இல் உத்தரப் பிரதேசத்து எட்டாவாவில் ஆல்பர்ட் மேயர் நடத்திய சோதனை. மேயர் நியூயார்க்கிலிருந்து வந்த கட்டடக் கலைஞர், நகரமைப்பாளர். பணத்தில் ஒரு பங்கு அமெரிக்க அரசிடமிருந்தும் ஃபோர்டு அறக்கட்டளையிடமிருந்தும் வந்தது. ஏகாதிபத்தியத் தொடர்பைப் பற்றி நம் ஆட்கள் எழுதியாகிவிட்டது, அதில் நியாயமும் உண்டு. எனக்கு இடறுவது ‘சமுதாயம்’ என்கிற சொல். கிராமத்துக்கு ஒரே ஒரு மனசு இருப்பதாகவும், அதைத் தட்டி எழுப்பினால் போதும் என்றும் இந்தச் சொல் அனுமானிக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதே அனுமானத்தைத்தான் போட்டு உடைத்தார். கிராமத்தை அலகாக வைக்காமல் தனிமனிதனை அலகாக வைத்ததற்காக அவர் மகிழ்ச்சியே தெரிவித்தார். நான்கே ஆண்டுகளில் கிராமம் பின்வாசல் வழியாக ‘பிளாக்’ என்ற பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்ததும் என்ன நடந்தது என்பதை எஸ்.சி. துபே 1958இல் வெளிவந்த தன் ஆய்வில் பதிவு செய்திருக்கிறார். சிரமதானத்தில் சாலை போடப்பட்டது. மேல்தட்டு ஆட்கள் மேற்பார்வை பார்த்தார்கள், உழைத்தது கீழே இருந்தவர்கள். சாலையில் ஓட்ட வண்டியும் நிலமும் யாரிடம் இருந்தனவோ அவர்களுக்கே சாலையின் பயன். நம்மூரில் இதற்கு வெட்டி வேலை என்று பழைய பெயர் ஒன்று உண்டு. ‘மக்கள் பங்கேற்பு’ புதுப் பெயர்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘கம்யூனிட்டி’யை அதிகாரிகள் ‘சமுதாயம்’ என்று பெயர்த்தார்கள். ஆனால் கிராமத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த சொல் ‘ஊர்’. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்க்கட்டுப்பாடு. ‘ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம்’ என்றால் யாரைக் கேட்கப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சேரி ஊருக்கு வெளியே. ஆக, சமுதாயத்தின் ஒப்புதலோடு நடைமுறைப்படுத்து என்று ஆணை எழுதும்போதே, அதை எழுதியவருக்குத் தெரியாமல், சேரி வெளியேற்றப்பட்டுவிடுகிறது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் தேர்தல். இந்த நான்கிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் வரவிடவில்லை. பிறகு ஊரே ஓர் ஆளை நிறுத்தியது. அவர் ஜெயிப்பார், உறுதிமொழி எடுப்பார், உடனே ராஜினாமா எழுதிக் கொடுப்பார். பத்தாண்டுகளில் திரும்பத் திரும்ப இதுவே நடந்தது.

இதை ‘அமலாகவில்லை’ என்று சொல்ல முடியுமா? கோப்பை எடுத்துப் பாருங்கள். அறிவிப்பு வந்தது, மனு வந்தது, வாக்குப்பதிவு நடந்தது, முடிவு அறிவிக்கப்பட்டது, பதவியேற்பு முடிந்தது, ராஜினாமா விதிப்படி ஏற்கப்பட்டது. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. சட்டத்தின் ஒவ்வொரு எழுத்தும் நிறைவேற்றப்பட்டுத்தான் சட்டம் தோற்கடிக்கப்பட்டது. ராஜினாமாக் கடிதத்தில் இருப்பது அந்த மனிதரின் கையெழுத்து, வாசகம் ஊருடையது. இது ஒரு பிரதி. இதை இலக்கியக்காரர்கள் வாசித்திருக்க வேண்டும். நாமோ போர்ஹேஸில் ஆசிரியன் இறந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அங்கே பெரும்பான்மையாக உள்ள பிரமலைக் கள்ளர்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்கப்பட்டவர்கள், 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்று துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள். அடித்த கையே பிறகு கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கொடுத்தது, போலீஸ் மேற்பார்வையில் சாதிப் பஞ்சாயத்துகளையும் அமைத்தது. ஒரு சாதியை வளர்ச்சியின் அலகாகவும் காவலின் அலகாகவும் ஒரே நேரத்தில் கட்டமைத்தது காலனிய அரசு. எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து அந்த அலகு ‘நாங்கதான் ஊரு’ என்று சொன்னபோது சுதந்திர அரசு திகைத்து நின்றது. இதைச் சொல்வது தலித்துகள் மீதான ஒடுக்குமுறைக்குச் சமாதானம் தேடுவதற்காக அல்ல. சமுதாயம் என்பது கொள்கைக்கு முன்பே இயற்கையாக இருந்த ஒன்று என்ற கதையாடலை உடைக்கத்தான்.

2006 அக்டோபரில் அதே நான்கு ஊராட்சிகளில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியிலும் தொடர்ந்தார்கள். புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. அரசு நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தது, மதுரையில் அன்றைய ஆட்சியர் உதயச்சந்திரன் ஊருக்குள் போய்ப் பேசினார், தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பத்தாண்டுகளாக விடாமல் கொடுத்த நெருக்கடி பின்னால் இருந்தது. 1996இலும் இதே சட்டம்தானே இருந்தது? அப்படியானால் பத்தாண்டுகள் யாருக்காகக் காத்திருந்தோம்?

மேலவளவில் ராஜினாமா வரவில்லை. 1996 அக்டோபரில் வாக்குப்பெட்டி தூக்கிச் செல்லப்பட்டது. டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவரும் உடனிருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை, உச்ச நீதிமன்றம் வரை உறுதியானது. அவர்களில் தண்டனையில் இருந்தவர்களை 2019 நவம்பரில் அரசு முன்விடுதலை செய்தது. பாப்பாபட்டியையும் மேலவளவையும் சேர்த்து வாசித்தால் ஊர் முன்வைத்த இரண்டு வாய்ப்புகள் தெரியும். எழுதிக் கொடுத்துட்டுப் போ, இல்லேன்னா.

இதற்கு அரசு என்ன பதில் சொன்னது? சமத்துவபுரம். முதலாவது 1998 ஆகஸ்டில், அதே மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில். 100 வீடுகள்: 40 தலித்துகளுக்கு, பிற்பட்டோருக்கும் மிகவும் பிற்பட்டோருக்கும் தலா 25, மற்றவர்களுக்கு 10. பெரியார் சிலை. பொதுச் சுடுகாடு. கேலி பேசுகிற திட்டம் அல்ல இது. சாதிக்கும் குடியிருப்புக்கும் உள்ள உறவைத் தொட்ட அரசுத் திட்டங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. ஆனால் ஊரும் சேரியும் இருந்த இடத்தில் அப்படியே இருக்க, காலியான நிலத்தில் மூன்றாவதாக ஒரு சமுதாயம் கட்டப்படுகிறது. மேலவளவுச் சுடுகாடு மாறவில்லை. பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்துத் தாளில் வேறு படம் வரைவது போல.

இன்னொரு பதில் வட்டார வளர்ச்சி. 90களின் தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு அமைந்த நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு அங்கே தொழில்கள் தொடங்கப் பரிந்துரைத்தது. வேலையில்லாத இளைஞன் சாதிச் சண்டைக்குப் போகிறான், வேலை கொடுத்தால் போகமாட்டான் என்பது தர்க்கம். நாங்குநேரியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தொழில் வளாகம் என்றார்கள், ஆண்டுக்கணக்கில் பொட்டல் காடாகக் கிடந்தது. தொழில் வரவில்லை என்பது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் வந்திருந்தால்? 2023 ஆகஸ்டில் அதே நாங்குநேரியில் நன்றாகப் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அந்தச் சிறுவர்களைக் கத்தி எடுக்க வைத்தது வேலையின்மையா, அவன் நன்றாகப் படித்ததா? வட்டாரத்தைப் ‘பின்தங்கியது’ என்று பொதுவாகச் சொன்னால், முன்னேறுகிறவனைக் கண்டு வரும் கோபம் கணக்கிலேயே வராமல் போகிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்டச் செலவில் பங்கு என்று சிறப்புக் கூறுகள் திட்டம் வந்தது 1979இல். எல்லாருக்குமான சாலையிலும் பாலத்திலும் தலித்துகளும் நடக்கிறார்கள் அல்லவா, அதில் ஒரு பங்கைத் தலித்துகள் கணக்கில் எழுதிக்கொள் என்பதே அமலின் இலக்கணமாயிற்று. டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்குக்கூட இந்த நிதி திரும்பியதை 2010இல் மத்திய அரசே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வர 2024 ஆயிற்று.

இப்போது நம் பக்கம். மையத்தை எதிர்த்து விளிம்பு, தேசத்தை எதிர்த்து வட்டாரம், பெருங்கதையாடலுக்கு எதிராகச் சிறுகதையாடல் என்று 90களில் நாம் எழுதித் தள்ளினோம். நானும்தான். அதிகாரப் பரவல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நல்லது. தொண்டு நிறுவனங்கள் பங்கேற்பு என்றன, உலக வங்கியும் பங்கேற்பு என்றது. சொற்கள் எவ்வளவு எளிதாகக் கைமாறின என்பதே நம்மை உறுத்தியிருக்க வேண்டும். அதிகாரம் கீழே பரவும்போது யார் கையில் போய் விழுகிறது என்பதை மேலவளவு 1997இலேயே காட்டிவிட்டது. மறுபக்கம், வட்டாரம் சாதியால் ஆனது என்பதற்காக ‘கலெக்டர் பார்த்துக்குவார்’ என்று கையை உதறவும் முடியாது. பத்தாண்டுகள் பாப்பாபட்டி ராஜினாமாக்களை வாங்கிக் கோப்பில் போட்டதும் அதே அதிகாரவர்க்கம்தானே. ஆகவே ‘அமல்படுத்து’ என்ற முழக்கத்துக்குப் பதில் வேறு கேள்விகளைப் பழக்கிக்கொள்ளலாம். இந்த ஆணையில் ஊர் என்பது யார்? கூட்டம் எங்கே நடந்தது, கோயில் வாசலிலா, காலனியிலா? மறுத்துப் பேசியவருக்கு மறுநாள் வயலில் வேலை கிடைத்ததா?

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரின் படம் வெளிவந்தது. தலித் பெண். ஊராட்சிக் கூட்டத்தில் அவர் தரையில், பிற சாதி உறுப்பினர்கள் நாற்காலியில். வழக்குப் போட்டார்கள், செயலாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்: சுதந்திர தினத்தில் தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. நாட்டுக்கு 75 வயது முடிந்த ஆண்டு அது. தெற்குத்திட்டையில் வெளியே தெரிய ஒரு போட்டோ தேவைப்பட்டது. ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் தேதி இருக்கும், பொருள் இருக்கும், வந்தவர்களின் கையொப்பம் வரிசையாக இருக்கும். யார் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று எழுத அதில் பத்தி கிடையாது.