பெயர்ப் பயனிலை: ‘நான் வித்யா’ நூலில் பெயரும் பணியும்

லிவிங் ஸ்மைல் வித்யா அவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய ‘நான் வித்யா’ என்னும் நூல் 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. திருநங்கையர் வாழ்வைப் புறத்தே நின்று பரிவோடு நோக்கிய நாவலாகச் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ முன்னரே தோன்றியிருந்தது. அவ்வாழ்வினர் கூற்றுகளைத் தொகுத்து ரேவதி அளித்த ‘உணர்வும் உருவமும்’ 2004-இல் வந்தது. அவ்வரிசையில் வைத்து எண்ணப்படும் இந்நூலைப் படிப்போர் உடலின் கதையாகக் கொள்ளுதல் இயல்பு. நூலின் அமைப்பும் அதற்கு இடந்தருகின்றது. அறுவைக்காகக் கடப்பைக்குச் சென்ற பயணத்தை முன்னிறுத்தியே நூல் தொடங்குகின்றது. பிறந்து வளர்ந்த செய்திகள் அதன்பின் வருகின்றன. ஆயின் மீண்டும் ஒருமுறை படிப்பார்க்கு வேறொன்று புலனாகும். உடலைப் பற்றிய வழக்கு அறுவையோடு ஒருவாறு தீர்கின்றது. பெயரைப் பற்றிய வழக்கோ அதன்பின்னரே முற்றுகின்றது. பணி தேடுங்கால் அது வளர்கின்றது. ஆகலின் இதனைப் பெயரின் கதையாகப் படித்தலே தகும் என்பது எம் துணிபு.

நூற்பெயரே இதற்கு முதற்சான்று. ‘நான்’ என்பது எழுவாய். ‘வித்யா’ என்பது அதற்குப் பயனிலை. பெயர் பயனிலையாய் வருதலைத் தொல்காப்பியர் வேற்றுமையியலில் எழுவாய் கொள்ளும் முடிபுகளுள் ஒன்றாக வைத்துள்ளார். அத்தகைய தொடர் முற்றுப்பெற வினை வேண்டுவதில்லை. இந்நூலைத் தழுவிக் கன்னடத்தில் எடுக்கப்பெற்ற திரைப்படத்தின் பெயரோ ‘நானு அவனல்ல அவளு’ என்பது. அதில் நடித்த சஞ்சாரி விஜய் 2014-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளிற் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படம் நற்படமே. எனினும், பெயர் நின்ற இடத்தில் இரண்டு படர்க்கைச் சுட்டுகள் வந்து அமர்ந்தமை கருதத்தக்கது. தமிழ் நூல் ‘இன்னார்’ என்கின்றது. கன்னடப் படம் ‘இன்ன பால்’ என்கின்றது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

தமிழில் தன்மைக்குப் பால் இல்லை. ‘நான் வந்தேன்’ எனக் கூறுவார் ஆடவரோ மகளிரோ என்பது அத்தொடரால் விளங்காது. பால் விளங்குவது ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனப் படர்க்கையிலேயே. ஆகவே தமிழில் தன்வரலாறு எழுதும் திருநங்கைக்கு மொழி ஓர் உறைவிடத்தை இயல்பாகவே வைத்துள்ளது. பள்ளிப் பருவத்து நிகழ்ச்சியையும் பிற்காலத்து நிகழ்ச்சியையும் ஒரே ‘நான்’ எவ்விடத்தும் ஈறு பிறழாமற் சொல்லிச் செல்கின்றது. இடர் தோன்றுவது பிறர் வாய் திறக்கும்போது. வீட்டார் அழைக்கும் அழைப்பும், தெருவோர் வைக்கும் பெயரும், அலுவலர் வினவும் வினாவும் ஆகிய இவையே நூலிற் காயம் உண்டாக்கும் இடங்கள். இவற்றுள் அலுவலர் வினாவைப் பற்றியே ஈண்டு விரிக்கப் புகுகின்றோம்.

வேலைக்கான விண்ணப்பம் என்பது யாது? மேற்போக்கில் அது தன்மைக் கூற்று. பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், கல்வி எனத் தன்னைப் பற்றித் தானே உரைப்பது. ஆனால் அதனோடு இணைக்க வேண்டும் என்று கேட்கப்படும் சான்றிதழ்கள் அனைத்தும் படர்க்கைக் கூற்றுகள். நம் மாநிலத்தில் அவற்றுக்கெல்லாம் வேராய் நிற்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். பிறந்த நாளுக்கு அதுவே சான்று. பெயரின் எழுத்துக் கூட்டத்திற்கும் அதுவே சான்று. பதினைந்து அகவைச் சிறுவரின் பெயரை அன்று பள்ளிப் பதிவேட்டில் இருந்தவாறே அது அச்சிட்டுத் தருகின்றது. மேனிலைப் பள்ளிச் சான்றிதழும், மாற்றுச் சான்றிதழும், பட்டமும், சாதிச் சான்றிதழும், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் அதனையே பின்பற்றுகின்றன. பணி கிடைத்தபின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் ஊதியம் விழும் வங்கிக் கணக்கும் அப்பெயரையே நாடும். இவற்றுள் ஒன்று பிறழினும் ‘இவர் அவர்தாமோ’ என்னும் ஐயம் எழுகின்றது. பெயர்மாற்றம் சட்டப்படி நிறைவேறாத நிலையில் வேலை தேடும் திருநங்கை, தம் தகுதியை மெய்ப்பிக்கத் தாம் கொணரும் சான்றே தமக்கு எதிர்ச்சான்றாகி நிற்கக் காண்கின்றார். முன்பெயரை எழுதினால் எதிரே நிற்கும் உருவத்தோடு முரண். தம் பெயரை எழுதினால் தாளோடு முரண்.

வித்யா அவர்கள் கல்லாதவர் அல்லர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை பயின்றவர். மொழியில் ஈறும் பாலும் எவ்வாறு அமைகின்றன என்பதைப் பாடமாகவே கற்ற ஒருவர், புனே நகரத்து இரயில் வண்டிகளிற் கைநீட்டிப் பொருள் சேர்க்க நேர்ந்தது. இந்நூலைப் படிப்போர் நெஞ்சில் நெடிது நிற்கும் பகுதி அதுவே. அதனை வறுமையின் விளைவு என்று மட்டும் கூறுதல் போதாது. அது ஒரு வட்டத்தின் விளைவு. பெயரையும் உருவையும் மாற்றப் பொருள் வேண்டும். பொருளுக்குப் பணி வேண்டும். பணிக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழிற் பெயர் மாறியிருத்தல் வேண்டும். இவ்வட்டத்துள் நுழைய வாயில் இல்லாமையால் வட்டத்திற்கு வெளியே, தாள் எதுவும் கேளாத தொழில் ஒன்றை நாட வேண்டியதாயிற்று. இரத்தலுக்கு எவரும் மதிப்பெண் சான்றிதழ் கேட்பதில்லை. பின்னர் மதுரையில் அவர்க்குப் பணி கிடைத்ததும், பெயர்மாற்றத்தின் பொருட்டு அவர் அலைந்ததும் நூலின் பிற்பகுதியில் வருகின்றன. நிகழ்ச்சிகளின் ஆரவாரம் குறைவாதலின் அப்பகுதியை விரைந்து படித்துச் செல்வோர் உளர். எம் நோக்கில் நூலின் உயிர்நிலை அதுவே.

இனி, இலக்கணம் இதற்கு யாது கூறுகின்றது எனக் காண்போம். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஆண்பாலுக்குரிய சொல்லோடு முடிதற்கு இடமில்லை என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. பிறப்பாற் பெற்ற பால் எதுவாயினும், திரிந்த நிலையே சொல்லின் முடிபை வரையறுக்கின்றது. நன்னூலார் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவார் ஆண்பால் எனவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவார் பெண்பால் எனவும் அவர் வகுத்துள்ளார். ‘அவாவுதல்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். மருத்துவர் கூற்றையோ பதிவேட்டையோ அன்றி, உரியவரின் விருப்பத்தையே அவ்விலக்கணம் பாலுக்கு அளவையாக்கியுள்ளது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் எழுந்த நூலில் இதனைக் காணும்போது வியப்பே மிகுகின்றது.

ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று. அதே நூற்பா, இவ்விருவகையாரும் அஃறிணை போல வருதலும் உண்டு என்று முடிகின்றது. இன்றைய படிவங்கள் சிலவற்றில் ஆண், பெண் என்பவற்றின்பின் ‘மற்றவை’ என்றொரு கட்டம் அச்சிடப்பட்டுள்ளது. ‘மற்றவர்’ எனின் உயர்திணை. ‘மற்றவை’ எனின் அஃறிணைப் பன்மை. ஆங்கிலச் சொல்லிற் திணை இல்லாமையின் மொழிபெயர்த்தார் இதனை எண்ணாது விட்டனர் போலும். நன்னூலின் முற்பகுதியை மறந்த அலுவலகங்கள் பிற்பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன எனல் மிகையாகாது.

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்தே உள்ளன. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022 சனவரி 12-இல் அவ்வூரிற் திறக்கப்பட்டது. தொல்காப்பியம் முதலான 41 செவ்வியல் நூல்கள் அதன் ஆய்வுக்குரியன. அதே ஊரில், நகரின் பல பகுதிகளினின்றும் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. முகவரி மாறியதனால் ஒவ்வொரு தாளையும் மாற்றப் பெறும் பாட்டை அம்மக்கள் அறிவர். முகவரி ஒன்று மாறியதற்கே அத்துணை அலைச்சல் எனின், பெயரும் பாலும் மாறியவர் சோழிங்கநல்லூர்ச் சாலையின் நிறுவனங்களிற் காவற்பணிக்கோ துப்புரவுப் பணிக்கோ சென்று நிற்குங்கால் நேர்வது யாது என்பதை உய்த்துணரலாம்.

வழக்கு மன்றத்து ஆவணங்களும் ஒருவகை உரைநடையே ஆதலின், அவற்றுள் இரண்டனை ஈண்டு ஒப்புநோக்குவோம். சேலத்தைச் சேர்ந்த கே. பிரித்திகா யாசினி அவர்கள் 2015-இல் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். சான்றிதழிற் கண்ட பெயரும் விண்ணப்பத்திற் கண்ட பெயரும் ஒவ்வாமையால் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் அதனை ஏற்கவில்லை. மூன்றாம் பாலினர்க்கு உரிய பகுதியும் அத்தேர்வில் இல்லை. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். எழுத்துத் தேர்வு முதல் ஓட்டம் வரை ஒவ்வொரு படிக்கும் வழக்காடியே ஏறவேண்டியிருந்தது. 2015 நவம்பரில் மன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் அவர் தருமபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

மற்றொன்று, நங்கை என்பார் கரூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கு எதிராகத் தொடுத்த வழக்கு. 2014 ஏப்ரலில் தீர்ப்பானது. இவர்தம் தாள்கள் அனைத்தும் பெண் என்றே கூறின; பெயரிற் பிறழ்வு இல்லை. காவலராய்த் தேர்வு பெற்றபின் மருத்துவ ஆய்வு நிகழ்த்தி, திருநங்கை என்று கூறிப் பணியினின்றும் நீக்கினர். அந்நீக்கம் செல்லாது என மன்றம் விதித்தது. முன்னவர் வழக்கில் உருவத்தினும் தாள் பெரிதாயிற்று. பின்னவர் வழக்கில் தாளினும் உடல் பெரிதாயிற்று. உண்மையை அறிதலே நோக்கமாயின் இரண்டிடத்தும் ஒரே அளவை இருந்திருத்தல் வேண்டும். அளவை மாறி மாறி வந்தது. மாறாதது வாயில் அடைபட்டமை ஒன்றே. தாளின் தூய்மை பற்றி அலுவலகங்கள் கூறும் காரணத்தை முழுதும் ஏற்க எம்மால் இயலாமைக்கு இவ்வொப்புமையே காரணம்.

வித்யா அவர்கள் எழுதியபோது இத்தீர்ப்புகள் இல்லை. தம் பாலைத் தாமே வரையறுக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரல் 15-இல். நன்னூலாரின் ‘அவாவுதல்’ சட்டத்துள் மீண்டும் நுழைந்த நாள் என அதனைக் கூறலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம், இயற்றப்பட்ட வடிவில், மாவட்ட ஆட்சியரின் அடையாளச் சான்று பெற்றவர் ஆவணங்களில் முதற்பெயரை மாற்றிக்கொள்ள இடந்தந்தது. பணியில் வேற்றுமை காட்டுதலையும் விலக்கியது. இவை வந்தபின் ‘நான் வித்யா’ பழைய ஆவணமாகிவிட்டது என்பார் உளராயின், அவர் இடைக்காலத்தை மறந்தவராவர். பெயரைத் தேர்ந்துகொள்ளும் நாளுக்கும், அரசிதழில் அது வெளிவந்து மதிப்பெண் சான்றிதழ் வரை சென்று படியும் நாளுக்கும் இடையே திங்களும் ஆண்டும் கழிகின்றன. சட்டம் பேசுவது அவ்விடைக்காலத்தின் முடிவைப் பற்றி. பசி வருவது அதன் நடுவில். நூல் எழுதப்பட்டிருப்பதும் அந்நடுவிலிருந்தே.

நூலிற் குறை இல்லையோ எனின், உண்டு. இரயில் வண்டி நிகழ்ச்சிகளுக்கு அளித்த விரிவை ஆசிரியர் அலுவலகப் படிகளுக்கு அளித்திலர். எந்தத் தாள் எந்த மேசையிற் தடைப்பட்டது, யார் யாது கூறினர் என்பவற்றை இன்னும் நிறுத்தி எழுதியிருப்பின் நூல் மேலும் வலிமை பெற்றிருக்கும். பேச்சு வழக்கை ஒட்டிய நடை அவ்விடங்களிற் சினத்தாற் சுருங்கிவிடுகின்றது. சினம் இயல்பே, ஆயினும் பிறிதொரு கை வந்து நிரப்ப வேண்டிய இடமாக அது நிற்கின்றது.

இக்கட்டுரையில் ஆசிரியரின் முன்பெயரை யாண்டும் குறித்திலேம். ஆய்வுக் கட்டுரைக்கு அது குறையன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அவர் தம் நூலில் அதனைத் தாமே எழுதியுள்ளார். அது தன்மைக் கூற்று. நாம் எழுதின் படர்க்கையாகும்.