ஷாவை வீழ்த்தியது சவூதி எண்ணெயா?

ஆண்ட்ரூ ஸ்காட் கூப்பர் எழுதிய 'தி ஆயில் கிங்ஸ்' (2011) புத்தகத்தை இரண்டாவது தடவை படித்து முடித்தேன். முதல் தடவை அசந்துபோனேன். இந்தத் தடவை பக்கத்தில் கால்குலேட்டரும் இருந்தது.

கதை இதுதான். 1976 டிசம்பர், தோஹாவில் ஒபெக் கூட்டம். அப்போது அடிப்படை விலை பீப்பாய்க்கு 11.51 டாலர். ஈரான் உள்பட 11 நாடுகள் ஜனவரியில் 10 சதவீதம், ஜூலையில் இன்னொரு 5 சதவீதம் ஏற்றலாம் என்கின்றன. சவூதியும் அமீரகமும் 5 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரே அமைப்புக்குள் இரண்டு விலை: 12.70, 12.09. போதாக்குறைக்கு, உற்பத்தியையும் கூட்டப்போவதாக சவூதி அமைச்சர் யமானி அறிவிக்கிறார். ஜனவரியில் ஈரானின் விற்பனை சரிகிறது. ஷாவின் வீழ்ச்சிக்கு வழிவிட்டது இந்த அடிதான் என்பது கூப்பரின் வாதம்.

கிஸ்ஸிங்கரும் கருவூலச் செயலர் சைமனும் எண்ணெய் விலைக்காக மோதிக்கொண்டதை அமெரிக்க ஆவணங்களைக் கொண்டே காட்டுகிறார். அந்தப் பகுதிகள் அபாரம். ஆனால் வாஷிங்டன் கோப்புகளில் தெஹ்ரான் கடைத்தெரு எவ்வளவு தெரியும்?

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால், லாகில் கண்ணில் படும் முதல் பெரிய பிழையைக் காரணமாகப் போட்டு டிக்கெட்டை மூடிவிடுவோம். கூப்பரின் ஜனவரிச் சரிவும் அந்த மாதிரிதான். விலை ஏறும் முன் வாங்கி வைப்போம் என்று பலர் டிசம்பரிலேயே தொட்டியை நிரப்பிவிட்டார்கள். வருடக் கணக்கைப் பாருங்கள்: ஈரானின் உற்பத்தி 1976-இல் நாளுக்குச் சுமார் 59 லட்சம் பீப்பாய், 1977-இல் சுமார் 57 லட்சம். அளவு குறைந்தது 3 சதவீதம் போல. விலை கூடியதோ 10 சதவீதம். இதில் வருமானம் எப்படிச் சரியும்? ஜூலைக்குள் சவூதியும் 12.70-க்கு வந்துவிட்டது. பதிலுக்கு மற்றவர்கள் அடுத்த 5 சதவீதத்தைக் கைவிட்டார்கள்.

உண்மையான பிழை லாகில் இன்னும் மேலே இருக்கிறது. 1974-இல் ஐந்தாம் திட்டத்தின் செலவை ஷா கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார். துறைமுகங்கள் நெரிந்தன, விலைவாசி பறந்தது. 1975-இல் கொள்ளை லாபம் என்று சொல்லி வியாபாரிகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பின்னாளில் புரட்சிக்குப் பணம் கொடுத்தது அந்தக் கடைத்தெருதான். இதெல்லாம் தோஹாவுக்கு முன்னாடி.

கூப்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருமானம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிச் செலவு செய்தவருக்கு, அது ஏறாமல் நின்றாலே அடிதான். அந்த அளவுக்குத் தோஹாவைக் குற்றம் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால், அந்த வியாபாரிகள் கதையிலேயே இல்லாமல் போய்விடுவார்கள்.