இரு படங்களுக்கு நடுவே ஓர் ஆண்டு

பிளாஸ்டிக் அறுவை மருத்துவத்தைப் பற்றிய விளம்பரத் தாள்களில் ஒருவகைப் படம் தவறாமல் இடம்பெறுகிறது. இடப்புறத்தில், அக்குளிலிருந்து முழங்கை வரை தோல் மடிந்து தொங்கும் மேற்கை. வலப்புறத்தில், அதே கை தொய்வின்றிச் சீராக. மேலே ‘முன்’, ‘பின்’ என்று இரண்டே சொற்கள். இவற்றை ஒரு விஞ்ஞானச் சான்றாக எடுத்துக்கொண்டு, எவ்வளவு சொல்லுகின்றன, எவ்வளவு மறைக்கின்றன என்று ஆராய்வோம்.

‘முன்’ படத்தில் பொய் இல்லை. உடல் எடை பெருமளவு குறைந்தவர்களுக்கு, முக்கியமாக இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, கொழுப்பு கரைந்த பின்னும் தோல் முழுதும் சுருங்குவதில்லை. பல ஆண்டுகள் இழுபட்டிருந்த தோலில் உள்ள எலாஸ்டின், கொலாஜன் நார்கள் மீள்திறனை இழந்துவிடுகின்றன. நாட்பட்ட ரப்பர் வளையம் தொய்ந்துபோவது போன்றதே இது. உடற்பயிற்சி தசையைத் திரட்டும்; தோலின் பரப்பைக் குறைக்காது. மடிப்பில் வியர்வை தேங்கிப் புண்ணும் உண்டாகும். ஆகவே இந்தச் சிகிச்சையை வெறும் அழகு மோகம் என்று ஏளனம் செய்வோரும் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

குறையெல்லாம் ‘பின்’ படத்தில்தான். மேற்கையின் மிகுதித் தோலை நீக்கும் அறுவையை 1930இல் மாக்ஸ் தோரெக் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். 1954இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த கோரெயா இதுராஸ்பே, பெர்னாண்டஸ் ஆகிய இருவரும் இதை அழகுச் சீரமைப்பாக எழுதினர். முறைகள் பின்னர் பலவாறு திருந்தின. ஆயினும் ஓர் அடிப்படை மாறவில்லை: தோலை வெட்டி நீக்கினால் வடு இருந்தே தீரும். வழக்கமான முறையில் அது அக்குளிலிருந்து முழங்கை வரை, கையின் உட்புறத்திலோ பின்புறத்திலோ நீளும். கையைத் தொங்கவிட்டு முன்னிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது அல்லவா?

இரண்டாவது குறை, காலம். ‘பின்’ என்றால் எத்தனை நாளுக்குப் பின்? முதல் சில நாட்கள் நீரும் இரத்தமும் வடிய, சிலருக்குக் குழாய் வைக்கப்படும். வீக்கமும் கன்றலும் இருக்கும். இறுக்கமான உறையைச் சில வாரங்கள் அணியவேண்டும். அந்த வாரங்களில் பளு தூக்கலாகாது. கையைத் தலைக்கு மேலே உயர்த்தலாகாது. தண்ணீர்க்குடம் எடுப்பதும், பரணிலிருந்து பாத்திரம் இறக்குவதும், பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதும் இதில் அடங்கும். வீட்டு வேலையைத் தானே செய்பவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டாமா?

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. மூன்று வாரம் ஆன காயத்துக்கு, இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பல மாதங்கள் சென்றபின்னும் அது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏறுவதில்லை. முதலில் சிவந்து தடித்திருக்கும் வடு மெல்ல மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். கருநிறத் தோலில் கெலாய்டு என்னும் மிகைவடு தோன்றும் வாய்ப்பும் அதிகம். முன்கையின் உட்புற உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டால் அங்கே மரத்துப்போகும். தோலுக்கடியில் நீர் கோத்தல், தையல் பிரிதல், சீழ் பிடித்தல் ஆகியனவும் நேரலாம். காய்ச்சல், சீழ், ஒரு கை மட்டும் திடீரெனப் பெருத்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்வது அவசியம். இவற்றில் ஒன்றுகூட அந்த இரு படங்களில் இல்லை.

நேர்மையான படவரிசை எப்படி இருக்கும்? அறுவைக்கு முன், இரண்டாம் வாரம், மூன்றாம் மாதம், ஓராண்டு என நான்கு படங்கள்; ஒரே வெளிச்சம், ஒரே நிலை, ஒவ்வொன்றின் கீழும் நாள். இதனால் சிகிச்சைக்கு இழுக்கு எதுவும் வந்துவிடாது. எடை நிலைபெற்று, புகைப்பழக்கம் இல்லாமல், வடுவை ஏற்கும் மனத்துடன் வருபவருக்கு இது நல்ல பலன் தரக்கூடிய சிகிச்சைதான். வேறு எதையோ எதிர்பார்த்து வருபவரோ தையல் பிரிக்கும் நாளன்று கண்ணாடியின் முன் திடுக்கிட்டு நிற்பார்.

ஆகவே அத்தகைய படத்தைக் காட்டுவோரிடம் வாசகர் இரண்டே வேண்டுகோள் வைக்கலாம்: கையை உயர்த்திக் காட்டுங்கள், படம் எடுத்த நாளைச் சொல்லுங்கள்.