எண்ணிக் கொடுத்த சாக்குக்கட்டிகள்

சீன டைரக்டர் ஜாங் யிமோ எடுத்து, 1999-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற ‘ஒருவர்கூடக் குறையாமல்’ என்ற படத்தில், ஒரு மாத விடுப்பில் செல்லும் கிராமத்து உபாத்தியாயர், வெய் என்ற 13 வயதுப் பெண்ணிடம் பள்ளியை ஒப்படைத்து, நாளொன்றுக்கு ஒரு சாக்குக்கட்டிதான் என்று எண்ணிக் கொடுக்கிறாரே, அந்தக் காட்சியிலேயே என் மனம் சிறைப்பட்டுவிட்டது. திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிப்பதா, முகங்களைப் பார்ப்பதா என்ற சங்கடம் முதல் பத்து நிமிஷந்தான். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத அக்குழந்தைகளின் முகங்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? நகரத்துக்குப் போய்விட்ட மாணவனைத் தேடிச் செல்லும் பஸ் கட்டணத்துக்கு எத்தனை செங்கல் சுமக்கவேண்டும், கல்லுக்கு என்ன கூலி என்று கரும்பலகையில் அவர்கள் கணக்குப் போடுகையில், புத்தகத்தில் பிராணனற்றுக் கிடந்த பெருக்கல் வாய்பாடு திடீரென்று பிழைக்கும் வித்தையாகிவிடுகிறது. சுமந்த களைப்பில் இரண்டே டின் கோக்கோ கோலாவை வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு வாயாகப் பருகுவதையும் சொல்லவேண்டும். டெலிவிஷன் நிலையத்தின் தயவால் யாவும் சுபமாவதுதான் சற்றே சௌகரியமான முடிவு. ஆயினும், நன்கொடையாக வந்த வண்ணச் சாக்குக்கட்டிகளால் பிள்ளைகள் ஆளுக்கோர் எழுத்து எழுத, மீண்டு வந்த அந்தப் பையன் மூன்று சீன எழுத்து எழுதுகிறான்: ‘வெய் ஆசிரியை.’