ஏழு கறியில் ஒன்று பரங்கி

சிதம்பரம் கொத்சு ஓட்டல் பலகை வரை வந்துவிட்டது. ஏழுகறிக் கூட்டு இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. மார்கழித் திருவாதிரையன்று, ஆருத்ரா தரிசனம் பார்த்து வந்தவர்களுக்குக் களியோடு இலையில் விழுவது அது.

மழையில் விறகு நனைந்து விலைபோகாமல், விறகு விற்றுப் பிழைத்த சிவபக்தர் சேந்தனார் இருந்த மாவைக் களியாகக் கிண்டிச் சிவனுக்குப் படைத்தார் என்பது கதை. அந்த ஈர விறகில் எங்கள் மாவட்டத்தின் பருவமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடலூரைப் புரட்டிப் போடும். 2015 வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் தக்காளியும் வெண்டையும் அழுகும், விலை ஏறும். மழை விட்டதும் கைக்கு வருபவை வேறு: மண்ணுக்குள் முற்றிய சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, பந்தலில் அவரை, கொல்லையில் மொச்சை, கூரையில் பரங்கி. பஞ்சாங்கம் பார்த்துச் செய்வதாக நினைக்கிறோம்; உண்மையில் கொல்லையைப் பார்த்து அமைந்த சமையல் இது. அதன் பெரிய பலம் அதுதான்.

பக்குவமும் லேசானதல்ல. மொச்சையும் கிழங்கும் முதலில், வாழைக்காய் பிறகு, பரங்கி கடைசியில். புளித்தண்ணீர் காய் வெந்த பின்புதான்; முன்னால் ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டால் ஏழு கறியும் ஒரே கூழ். இன்று பல வீடுகளில் நடப்பது அதுதான். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விடியுமுன் ஏழு காயையும் நறுக்குவது பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது.

எனக்கு ஒப்பாத இடம் வேறு. ‘நாட்டுக் காய் மட்டும்’ என்று கேரட், பீன்ஸ், உருளையை ஒதுக்குகிறோம். ஆனால் பரங்கி என்ற பெயரே அது வெளியிலிருந்து வந்தது என்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், கிழக்கே கடலோரம் போர்த்துகீசியர் இறங்கிய பரங்கிப்பேட்டைக்கும் அதே சொல்தான். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். இங்கே வேர்விட்டு, இந்த மழைக்குப் பின் காய்த்ததால் இலையில் இடம் பிடித்தன. ஆகவே, பார்க்க வேண்டியது காயின் பூர்வீகத்தை அல்ல, பருவத்தை. நீலகிரியிலிருந்து வரும் கேரட்டை வேண்டாம் என்றால், லாரியில் வந்திறங்கும் சேனையையும் அதே கேள்வி கேட்க வேண்டும்.

எண்ணிக்கையும் இடிக்கிறது. ஏழு என்ற கணக்கைத் தொட வேண்டுமென்று கால் கிலோ கால் கிலோவாக வாங்கி, நாலு பேர் வீட்டில் குண்டான் நிறைந்துபோகிறது. மறுநாள் சுண்ட வைத்தால் ருசி கூடும், உண்மைதான். ஆனால் வெல்லக் களியோடு இவ்வளவு கிழங்கு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கனம். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, இந்தப் பருவத்துக் காய்கள் ஒரே நாளில் அடைபட்டுவிட்டதுதான். வருடத்தில் ஒரு தடவை மட்டும் சேப்பங்கிழங்கைப் பார்க்கும் பிள்ளை அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கத்தான் செய்யும்.

அதனால் எங்கள் வீட்டில் மழை ஓய்ந்ததிலிருந்து ஞாயிறுதோறும் மூன்றே காய் போட்டுக் கூட்டு வைக்கிறோம். நறுக்குவது என் மகன். முதல் வாரம் கையில் எண்ணெய் தடவாமல் சேனையைத் தொட்டுவிட்டு, அரை மணி நேரம் புளிக்கரைசலில் விரல்களை நனைத்தபடி உட்கார்ந்திருந்தான்.