மன்னார்க் கடலில் எண்ணெய்த் தேட்டம்: ஒரு விவாதத்தின் எடுகோள்கள்

மன்னார் வளைகுடாவில் எண்ணெய் தேடியோர் தாம் துளைத்த கிணறுகளுக்கு இட்ட பெயர்கள் நோக்கற்பாலன. 1981இல் துளைக்கப்பட்ட கிணறு 'பேர்ள்', அதாவது முத்து. 2011இல் கெயார்ன் லங்கா நிறுவனத்தின் பொருட்டு 'சிக்யு' என்ற யப்பானியக் கப்பல் துளைத்தவற்றுள் எரிவாயு வெளிப்பட்ட இரண்டும் 'டொராடோ', 'பரகூடா' எனப்பட்டன. பின்னது நம்மவர் சீலா என்றழைக்கும் மீன். 2013இன் கிணறு 'வலாகோ'. வாளைமீனுக்கு விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் அது. மீன்கள் இவ்வளவு விருப்போடு நினைவுகூரப்பட்ட இம்முயற்சி பற்றிய விவாதத்தில் கடற்றொழிலாளி எவ்வாறு இடம்பெறுகின்றான் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேட்டம் புதிதன்று. எழுபதுகளிற் சோவியத் உதவியுடன் பேசாலையிலும், 1976இற் பாக்கு நீரிணைப் பகுதியிலும் துளையிட்டுப் பார்த்தனர். 2011இற் கண்ட எரிவாயு வணிக உற்பத்தியை எட்டவில்லை. 2015இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆயினும் 2021இற் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேறியதும், 2022இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றதும் விவாதத்துக்குப் புத்துயிர் அளித்துள்ளன.

ஆதரிப்போர் தூரத்தையும் ஆழத்தையும் முன்வைக்கின்றனர். கிணறுகள் 1,300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் உள்ளன. கரையோரத் தொழிலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பது அவர்தம் வாதம். எதிர்ப்போர் கசிவைச் சுட்டுகின்றனர். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்டு 87 நாட்கள் எண்ணெய் பீறிட்ட நிகழ்வும், 2020இல் எமது கிழக்குக் கடலில் எரிந்த 'நியூ டயமண்ட்', 2021இற் கொழும்புக்கு அப்பால் எரிந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' ஆகியவையும் அவர்களுக்குச் சான்றுகள். (பின்னைய இரண்டும் கப்பல் விபத்துகள்; துளையிடலோடு தொடர்பற்றவை என்பதையும் கூறல் வேண்டும்.) இரு சாராரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்துரைப்பினும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றனர். விபத்து நேர்ந்தாலன்றிக் கடற்றொழிலாளிக்கு இழப்பில்லை என்பதே அது. இவ்வெடுகோள் பிழையானது.

கிணறு தோண்டப்படுவதற்கு முன்னரே தேட்டம் கடலைத் தொட்டுவிடுகிறது. கப்பலொன்று அமுக்கிய காற்றை வெடிப்பொலியாக நீருள் மீண்டும் மீண்டும் செலுத்தி, கடலடிப் பாறைகளிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதிவுசெய்கிறது. மன்னார்ப் படுகையில் 2001இலும் 2005இலும் அதன் பின்னரும் இத்தகைய அளவீடுகள் நடந்தன. இவ்வொலி மீன்பிடியை எவ்வாறு பாதிக்கும் என்பதை 1992இற் பேரன்ட்ஸ் கடலில் நோர்வே ஆய்வாளர் சோதித்தனர். இழுவலையில் அகப்பட்ட கொட், ஹடொக் மீன்களின் அளவு சராசரியாக ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒலியெழுந்த இடத்திலிருந்து 18 கடல்மைல் தொலைவிலும் வீழ்ச்சி காணப்பட்டது. ஒலி நின்று ஐந்து நாட்கள் அவதானித்தும் பழைய நிலை திரும்பவில்லை. அங்கு எண்ணெய் ஒரு துளியும் சிந்தவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

குளிர்கடல் மீன்களைப் பற்றிய முடிவை எமது கடலுக்கு அப்படியே பொருத்துதல் விஞ்ஞானமாகாது. ஆயின் மீன் விலகிச் சென்றால் யாருக்கு என்ன நேரும் என்று கேட்பதற்கு அம்முடிவு போதும். பெருங்கலம் உடையவன் மீனைத் தொடர்ந்து செல்வான். கண்ணாடியிழைப் படகில் இருளோடு புறப்பட்டு, கொண்டுசென்ற மண்ணெண்ணெய் தீருமுன் கரைசேர வேண்டிய வங்காலைத் தொழிலாளி எங்ஙனம் தொடர்வான்? கரைவலை இழுப்பவனோ மீன் கரையை நாடி வரும் நாளையே நம்பியிருப்பவன். ஒரே இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதாய் அமைவதில்லை. 'மீன்பிடித் துறை' என்ற பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

தூரம் பற்றிய வாதத்தில் உண்மை உண்டு. 1,300 மீற்றர் ஆழத்திற் பேசாலைப் படகு வலை விரிப்பதில்லை. அங்கு செல்பவை பலநாட் கலங்களே. எதிர்ப்போர் இதனை மறைத்தல் ஆகாது. ஆனால் எரிவாயு கிணற்றடியில் விட்டுவைப்பதற்காகத் தேடப்படுவதன்று. குழாய்வழி கரைக்குக் கொணர்வதாயின் அது ஆழங்குறைந்த கண்டமேடையைக் கடந்தாகவேண்டும். துணைக்கப்பல்கள் ஓயாது போய்வரவேண்டும். வலைகள் விரிக்கப்படுவது அங்கேதான். கிணற்றின் தூரத்தைச் சொல்வோர் குழாயின் பாதையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

எதிர்ப்போர்பால் எமக்குள்ள குறை வேறு. எமது மேடைகளிலும் கவியரங்குகளிலும் கடல் களங்கமற்ற தாயாகவே வருகிறாள். எண்ணெய்க் கம்பனி வரும்வரை அங்கு துயரே இருந்ததில்லைப் போலும்! போர்க்காலத்திற் கடலுக்குச் செல்ல அனுமதிக்காகக் காத்துநின்றவர்களும், எல்லை தாண்டிவரும் இந்திய இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதைக் கண்டவர்களும் இக்கரையோர மக்களே. 2017இல் இழுவைமடித் தொழிலை எமது சட்டம் தடைசெய்த பின்னும் அத்தொல்லை ஓயவில்லை. 'கடல் பரந்தது, சற்று விலகித் தொழில் செய்யலாம்' என்போருக்குத் தக்க விடை இவ்வரலாற்றிலேயே உள்ளது. அதைக் கூறாது தாயைப் பாடுவதால் வாதம் வலுப்பெறாது.

பிரச்சினையின் மையம் உரிமை பற்றியது. கடலடிப் பெற்றோலியம் அரசுக்குரியது எனச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. மீன்பிடி இடங்கள்மீது தொழிலாளிக்குத் தலைமுறை வழக்கம் உண்டு, உறுதி இல்லை. நோர்வேயின் 1996ஆம் ஆண்டுப் பெற்றோலியச் சட்டம் கடற்றொழிலாளருக்கான நட்டஈட்டுக்குத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. எண்ணெய்த் தொழில் மீன்பிடித் தளத்தை அடைத்துக்கொள்வதே, விபத்து எதுவும் இன்றியே, அங்கு ஈடு பெறத்தக்க இழப்பாகக் கொள்ளப்படுகிறது.

மன்னார்க் கடல் கம்பனியிடம் சென்றதும் இது முதன்முறையன்று. 1906இற் பிரித்தானிய ஆட்சி முத்துச்சலாபப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்கு வழங்கியது. சிப்பி அருகவே, குத்தகைக்காலம் முடியுமுன்னரே கம்பனி நலிந்தது. அதையொட்டிய காலத்தில், 1903 முதல் 1906 வரை, ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர் இக்கடலின் முத்துச்சிப்பி பற்றி ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். வருமானம் தரும் பொருளை ஆட்சி எவ்வளவு நுணுக்கமாக அறிய விரும்பியது என்பதற்கு அவை சான்று. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் எப்பருவத்தில், எத்தனை பாக ஆழத்தில், எவ்வலைக்கு என்ன மீன் படுகிறது என்பதைத் தொழிலாளர் வாய்மொழியாக அறிவர். நட்டஈடு கோரிச் செல்பவனிடம் முதலிற் கேட்கப்படுவது, 'முன்னர் எவ்வளவு பிடித்தாய்?' என்பதே. அதற்கு வாய்மொழி விடை செல்லாது. அடுத்த அளவீட்டுக் கப்பல் வருமுன் இப்பதிவைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுடன் இருந்து தொகுப்பதற்கு எமது புவியியல், விலங்கியல் மாணவருக்கு ஒரு சோளகமும் ஒரு வாடையும் தேவைப்படும்.